பல்கலைக்கழக நிர்வாகக் கோப்புகளைச் சுவடிக்கூடத்தில் சேர்த்தல்: மலைநாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கோப்பு அறைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களில் பாதிப்பேர் முதல்நாளே கேட்பது, "ஸ்கேனர் எங்கே மிஸ்?" மற்றப் பாதிப்பேர் கேட்காமலே கோப்புகளை விஷயவாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டும் நல்லெண்ணத்தில் நடப்பவைதான். முதலாவதால் காசும் காலமும் வீணாகும். இரண்டாவதைத் திருத்த வழியே கிடையாது.

ஒரு கடிதத்தை எந்தக் கிளை எழுதியது, எந்தக் கோப்பில் எதற்கு அடுத்து வைத்தது என்று தெரிந்தால்தான் அது சான்று. தெரியாவிட்டால் வெறும் பழைய தாள். கீழே உள்ள படிகளின் வரிசை அதை மனதில் வைத்துப் போட்டது. ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஸ்கேனர் ஒன்பதாவது படியில் வரும்.

இலங்கையின் மலைநாட்டில் பேராதனை, பதுளைப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களை நினைத்து எழுதினேன். மலைநாட்டுக் கல்வியியற் கல்லூரிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் ஒரு கடிதம், பிறகு ஒரு பை

1978 இன் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பல்கலைக்கழகத்தின் பதிவேடுகள் பதிவாளரின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே அவர் கையொப்பமிட்ட கடிதம் இல்லாமல் எந்தக் கிளையின் அலுமாரியையும் திறக்காதீர்கள். நீங்கள் எந்தெந்தக் கிளைகளுக்குள் போகலாம், ஒவ்வொரு கிளையிலும் யாரிடம் பேசவேண்டும், கோப்பு கைமாறும்போது யார் கையொப்பமிடுவது ஆகிய மூன்றும் கடிதத்தில் இருக்கவேண்டும்.

வாய்ச்சொல்லை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முன்பு வேலைசெய்த ஓரிடத்தில் ஒரு கிளைத் தலைவர் "எடுத்துக்கொண்டு போங்கள், எங்களுக்கு இடம் கிடைத்தால் போதும்" என்றார். மூன்று மாதத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் கோப்புகளைத் திருப்பிக் கேட்டார். பாதி வேலையோடு எல்லாவற்றையும் திரும்பச் சுமந்துகொண்டு போனோம்.

பையில் இருக்கவேண்டியவை: எச்.பி. பென்சில்கள், அளவு நாடா, டோர்ச், மென்மையான தூரிகை இரண்டு, என்-95 முகக்கவசம், பூஞ்சணக் கோப்புகளுக்கு நைட்ரைல் கையுறை, அகலமான பருத்தி நாடா, சிப் வைத்த பொலித்தீன் பைகள், ஈரப்பதமானி இரண்டு. பேனா வேண்டாம். மை சிந்தினால் போகாது, பென்சிலை அழிக்கலாம். படங்களில் காட்டுகிறார்களே, அந்த வெள்ளைப் பருத்திக் கையுறையும் தாளுக்குத் தேவையில்லை. அதைப் போட்டால் விரல் நுனிக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவீர்கள். சோப்பால் கழுவித் துடைத்த கை போதும். புகைப்படங்களையும் நெகட்டிவ்களையும் தொடும்போது மட்டும் கையுறை போடுங்கள்.

2. எதையும் நகர்த்தாமல் கணக்கெடுங்கள்

முதல் வாரம் பார்ப்பதும் எழுதுவதும் மட்டும்தான். ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒரு படம், ஒவ்வொரு அலுமாரியையும் திறந்தபடி ஒரு படம், ஒவ்வொரு தட்டையும் இடமிருந்து வலமாக ஒரு படம் எடுங்கள். கோப்புகள் இருந்த ஒழுங்கு பின்னால் குலைந்தாலும் இந்தப் படங்களைப் பார்த்து மீட்டுவிடலாம்.

பிறகு அளவு நாடாவை எடுத்து, அடுக்கி நிற்கும் கோப்புகளின் நீளத்தை மீற்றரில் குறியுங்கள். எத்தனை கோப்பு என்று எண்ணுவதைவிட எத்தனை மீற்றர் என்பதுதான் பயன்படும். அடுத்து நீங்கள் கேட்கப்போகும் ராக்கையும் பெட்டியும் அதைக்கொண்டுதான் கணக்காகும். தட்டுவாரியாகக் கிளை, கோப்புகளின் முதல் ஆண்டும் கடைசி ஆண்டும், மொழி, நிலைமை என்று நான்கு பத்தி இருந்தால் போதும். நிலைமைக்கு மூன்று சொல்: நல்லது, அழுக்கு, ஆபத்து. பூஞ்சண வாடை, கறையான் மண், நனைந்த தடம் இருந்தால் ஆபத்து.

மாடிப்படிக்கு அடியில், நீர்த்தாங்கிக்குக் கீழே, விடுதிப் பொறுப்பாளரின் பழைய அறையில், பீடாதிபதி அலுவலகத்தின் பொய்க்கூரைக்கு மேலே என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். பழைய தேயிலைப் பெட்டிக்குள் கோப்பு இருப்பதை இங்கே சாதாரணமாகக் காணலாம். பெட்டியின் உட்புற ஈயத்தாளைப் பார்த்து "பாதுகாப்பாக இருக்கிறது" என்று மூடிவிடாதீர்கள். ஒட்டுப்பலகை ஈரத்தை இழுக்கும், அந்தத் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

3. அறை: மலைச்சரிவையும் மழைக்காலத்தையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்

நிர்வாகம் வழக்கமாகக் கொடுப்பது யாருக்கும் வேண்டாத அறையைத்தான். வாங்குமுன் அடைமழை நாளொன்றில் போய் அரைமணி நேரம் உள்ளே நில்லுங்கள். வெயில் நாளில் எல்லா அறையும் நன்றாகத்தான் இருக்கும்.

நம் கட்டடங்கள் பல சரிவை வெட்டிக் கட்டியவை. பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்தச் சுவரில் ஈரம் ஆண்டு முழுவதும் கசியும், சாந்து பூசினாலும் மறையாது. மண் ஒட்டிய சுவருள்ள அறை, மகாவலி போன்ற ஆற்றோரத்துக் கீழ்த்தளம், நீர்த்தாங்கிக்கும் கழிப்பறைக்கும் அடியில் உள்ள அறை ஆகியவற்றை மறுத்துவிடுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியும் வேண்டாம். பகலில் கொதித்து இரவில் குளிரும். அந்த ஏற்ற இறக்கம் தாளை வதைக்கும். நடுமாடியில், உட்பக்கத்து அறை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு மேலேயுள்ள சரிவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வரும். 45 இலிருந்து 55 வரை நல்லது. மலையில் அதை எட்டுவது கடினம். 60 ஐத் தாண்டாமல், பெரிதாக ஏறி இறங்காமல் வைத்திருந்தாலே நல்ல வேலை என்பேன். பணம் இருந்தால் ஏசிக்கு முன் ஈரப்பத நீக்கும் இயந்திரத்தை வாங்குங்கள். ஏசியைக் காலையில் போட்டு மாலையில் நிறுத்தும் அலுவலகத்தில் ஏசியே இல்லாமல் இருப்பது மேல். நிறுத்திய பிறகு குளிர்ந்த ராக்கைகளில் ஈரம் படியும்.

மலிவான ஈரப்பதமானி பொய் சொல்லும். சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் ஈரச் சேறுபோல ஆகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் சிப் பையில் ஒன்றாக வைத்து மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். 80 காட்டினால் அந்த மானி ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டுங்கள்.

இனி ஜன்னல். "காற்றோட்டம் நல்லது" என்று காலை ஏழு மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்துவிடும் நல்லவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அந்த நேரத்தில் உள்ளே வருவது பனிமூட்டம். ஒரு மானியை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வையுங்கள். வெளியே குறைவாகக் காட்டும்போது மட்டும் திறவுங்கள்.

பெரிய சுத்திகரிப்பு வேலைக்குத் தேயிலையைப் பார்த்து நாள் குறியுங்கள். டிம்புல, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காற்று வீசும். ஊவாவில் அது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. நல்ல தேயிலை வரும் காலமும் அதுதான், கோப்பைத் திறந்து தூசு தட்ட ஏற்ற காலமும் அதுதான். கண்டியில் பெப்ரவரியில் செய்ய வேண்டியதைப் பதுளையிலும் பெப்ரவரியிலேயே செய்யப் பார்ப்பது பிழை.

ராக்கை இரும்பாக, பூச்சுப் பூசியதாக இருக்கட்டும். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து 15 சென்டிமீற்றராவது உயரவேண்டும், முதுகு சுவரைத் தொடக்கூடாது. இடைவெளியில் காற்று ஓடும், கறையான் ஏறினால் கண்ணிலும் படும்.

4. யார் உருவாக்கிய கோப்பு?

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்கும் படி இது. அவசரப்பட்டால் மற்ற எல்லாமே சரியும்.

கோப்புகளைத் திறக்குமுன் உங்கள் நிறுவனத்தின் பெயர் மாறிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பேராதனையை எடுத்துக்கொள்வோம். 1942 இல் உருவான பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. 1972 இல் நாடு முழுவதற்குமான ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகம் ஆனது. 1979 ஜனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். ஆங்கிலக் கடிதத் தலைப்பில் முதலாவதற்குச் 'சிலோன்', 1972 க்குப் பிந்தியதற்கு 'ஸ்ரீலங்கா' என்று இருப்பதால் குழப்பம் வராது. தமிழில் எழுதும்போது இரண்டுமே 'இலங்கைப் பல்கலைக்கழகம்' ஆகிவிடும். தமிழில் பட்டியல் போடும் புதியவர்கள் விழும் குழி இதுதான். நிறுவனப் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டுகளைக் கட்டாயம் போடுங்கள்.

அடுத்து, கிளைகள். பேரவை (கவுன்சில்), மூதவை (செனட்), பீடச்சபைகள், பதிவாளர் அலுவலகம், தாபனக் கிளை, பரீட்சைக் கிளை, நிதியாளர் பகுதி, மாணவர் நலன், பராமரிப்பு. எந்தக் கிளை எப்போது பிரிந்தது, எப்போது வேறொன்றோடு சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையின் கோப்புகளை இன்னொன்றோடு கலக்கவே கூடாது, விஷயம் ஒன்றாக இருந்தாலும். விடுதிக் கட்டணம் பற்றி மாணவர் நலன் கிளையிலும் நிதியாளர் பகுதியிலும் கோப்பு இருக்கும். முன்னது மாணவரின் முறைப்பாட்டைச் சொல்லும், பின்னது வரவைச் சொல்லும். இரண்டையும் 'விடுதி' என்று ஒரே பெட்டியில் போட்டால் யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்பதே தெரியாமல் போகும்.

கோப்பு இலக்கங்களைப் படிக்கப் பழகுங்கள். எங்களிடம் வந்த ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன் கெட்டிக்காரன். ஆங்கிலத்தில் 'ஈ.எஸ்.ரீ.' என்று தொடங்கிய இலக்கமுள்ள கோப்புகளையெல்லாம் ஒருநாள் தனியாக அடுக்கி, மேலே 'தோட்டங்கள்' என்று சீட்டும் குத்திவிட்டான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த மூன்றெழுத்து வேறெதைச் சொல்லும்? அன்று தற்செயலாக எட்டிப்பார்த்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, இது எஸ்டேட் இல்லப்பா. எஸ்டாப்ளிஷ்மென்ட். ஆளெடுக்குற, சம்பளம் ஏத்துற கோப்பு."

"அப்ப பின்னால இருக்குற நம்பர் என்னங்க ஐயா?"

"முதல் நம்பர் பீடம். ரெண்டாவது வருசம். குறுக்குக் கோடு போட்டு மூணாவது நம்பர் இருந்துச்சுன்னா அது தொடர்ச்சிக் கோப்பு. முன்னது எங்கயாவது இருக்கும், தேடு."

எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத அந்த விளக்கத்தைப் பத்து நிமிடத்தில் வாங்கினோம். ஆகவே படி 4 இன் உண்மையான கருவி தேநீர்தான். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள், கோப்பு சுமந்த சிற்றூழியர்கள், பழைய தட்டச்சாளர்கள் யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். சொன்னதை எழுதி, திகதி போட்டு, அதையும் ஒரு கோப்பாக வையுங்கள்.

5. எதை வைப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் வைக்க முடியாது. வைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் விடுவதற்கு முன்பு சட்டத்தைப் பாருங்கள். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டும், அதற்குப் பின் உருவானவற்றைக் குறைந்தது 12 ஆண்டும் காக்கச் சொல்கிறது. தகவல் கோரிக்கையோ மேன்முறையீடோ நிலுவையில் உள்ள கோப்பைத் தொடவே கூடாது. 1973 இன் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டமும் இருக்கிறது. ஆகவே அழிக்க நினைப்பவற்றின் பட்டியலைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கைவையுங்கள்.

நிரந்தரமாக வைக்கவேண்டியவை பற்றித் தயக்கமே வேண்டாம்: பேரவை, மூதவை, பீடச்சபை ஆகியவற்றின் கையொப்பமிட்ட கூட்டறிக்கைகள், அவற்றோடு சமர்ப்பித்த பத்திரங்கள், மாணவர் பதிவேடுகள், பெறுபேற்றுத் தாள்கள், நியமனப் பதிவேடுகள், காணி உறுதிகள், கட்டட வரைபடங்கள், ஆண்டறிக்கைகள், இறுதிக் கணக்குகள். கூட்டறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இணைப்புகளை 'பிரதிகள்' என்று தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. "பத்திரம் 14 அங்கீகரிக்கப்பட்டது" என்று அறிக்கை சொல்லும். பத்திரம் 14 இல்லாமல் என்ன அங்கீகரிக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

விடக்கூடியவை: ரோனியோ இயந்திரத்தில் பிரதியெடுத்த ஒரே அறிக்கையின் ஐந்தாவது, ஆறாவது பிரதிகள், நிரப்பாத படிவங்கள், வெளியிலிருந்து வந்த பொதுச் சுற்றறிக்கைகளின் மேலதிகப் பிரதிகள், விடுமுறை விண்ணப்பங்கள், காலம் கடந்த பற்றுச்சீட்டுக் கட்டுகள். பிரதிகளைக் கழிக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்தையும் பாருங்கள். துணைவேந்தர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தால் அது பிரதியல்ல, மூலம்.

மாணவர் தனிக்கோப்புகள்தான் சண்டைக்குரிய இடம். இடம் அதிகம் பிடிக்கும். பல இடங்களில் பெறுபேறு பதிவேட்டில் இருப்பதால் கோப்பை எறியலாம் என்பார்கள். மலைநாட்டில் நான் அதற்கு உடன்படமாட்டேன். 1948 க்குப் பிறகு பல பத்தாண்டுகள் பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது எத்தனையோ சான்றுகளை இணைக்கவேண்டி வந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழின் பிரதி, தோட்டத்துரையின் கடிதம், பாடசாலை அதிபரின் உறுதிமொழி என்று அந்தக் கோப்புகளுக்குள் கிடப்பவற்றில் சில, குடும்பத்தினர் கையிலேயே இன்று இல்லாதவை. கழிக்கவே வேண்டுமென்றால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துவிட்டுக் கழியுங்கள். கட்டாகத் தூக்கிப் போடாதீர்கள்.

அழிக்கும் முறையும் முக்கியம். பழைய பேப்பர் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். பஸ் தரிப்பிடத்தில் கடலைச் சுருள் வாங்கி, கடலை முடிந்ததும் தாளை விரித்தால் யாரோ ஒருவருடைய விடைத்தாள், சிவப்பு மையில் புள்ளியோடு. இந்த அனுபவம் இல்லாத இலங்கையர் குறைவு. துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டு, என்ன அழிந்தது, எந்த அனுமதியில், யார் முன்னிலையில் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அந்தத் தாள் நிரந்தரக் கோப்பு.

6. கையேற்பு

கிளை ஒரு பட்டியலோடு தரவேண்டும், நீங்கள் அதைப் பார்த்துச் சரிபார்த்து வாங்கவேண்டும், இருவரும் இரண்டு பிரதியில் கையொப்பமிடவேண்டும். வந்த நாளிலேயே கையேற்புப் பதிவேட்டில் ஒரு வரி: தொடர் இலக்கம், திகதி, கிளை, எத்தனை மீற்றர், எந்த ஆண்டுகள். பட்டியலில் இருந்தும் கையில் வராத கோப்பை அன்றே எழுதிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அது தொலைந்தது உங்களிடம்தான் என்று ஆகும்.

7. சுத்தம்: காய்ந்த முறையில் மட்டும்

வந்த பெட்டி நேராகச் சுவடி அறைக்குள் போகக்கூடாது. வேறோர் அறையில் இரண்டு வாரமாவது இருக்கட்டும். வெள்ளிப்பூச்சி, கரப்பான், பூஞ்சணம் எதுவானாலும் ஒரு பெட்டியிலிருந்து நூறு பெட்டிக்குப் பரவும்.

பூச்சியிருந்தால் மருந்து தெளிக்காதீர்கள். கோப்பைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 பாகை உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்கவேண்டாம், திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். பூச்சி உருண்டையை அலுமாரியெங்கும் போடும் பழைய வழக்கத்தையும் விடுங்கள். அந்த நெடி பூச்சியைவிட உங்கள் நுரையீரலுக்குத்தான் கெடுதல்.

பூஞ்சணம் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும்போது துலக்கினால் தாளுக்குள் தேய்ந்துபோகும். முதலில் காயவிடுங்கள். காய்ந்து பொடியான பிறகு, முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில், உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தூரிகையால் தள்ளுங்கள். ஈரத்துணி, டெட்டோல், வெயில் மூன்றும் கூடாது. வெயிலில் பரப்பினால் பூஞ்சணத்தோடு மையும் போய்விடும்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, இரும்பு முனை வைத்த பச்சை டேக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கம்பியை இழுக்காமல், பின்பக்கக் கால்களை மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி எடுத்தால் தாள் கிழியாது. எடுத்த இடத்தில் தாள்கள் சிதறாமல் இருக்க மடித்த வெள்ளைத் தாளுக்குள் வைத்துப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். இறப்பர் வளையம் நம் தட்பவெப்பத்தில் சில ஆண்டுகளில் பசையாகி ஒட்டிக்கொள்ளும்.

கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். இரண்டும் திருப்ப முடியாதவை. கிழிந்ததைத் தனி உறைக்குள் வைத்து 'பழுது' என்று உறையில் எழுதுங்கள், பயிற்சி பெற்றவர் வரும்வரை அது அப்படியே காத்திருக்கும். பெக்ஸ் தாள்கள் கிடைத்தால் மட்டும் அன்றே போட்டோ கொப்பி எடுங்கள். அந்த வெப்பத்தாள் தானாகவே மங்கி வெறுமையாகும். எங்களிடம் ஒரு நியமனக் கோப்பில் ஏழு வெற்றுத்தாள் இருந்தது. மேலே 'பெக்ஸ் இணைப்பு' என்று மட்டும் பேனாவில் எழுதியிருந்தது.

8. ஒழுங்கு, பெட்டி, இலக்கம்

கிளை வைத்திருந்த ஒழுங்கு இருந்தால் அதையே வையுங்கள், உங்களுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தாலும். படி 2 இன் படங்களைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒழுங்கே இல்லாமல் குவியலாக வந்ததற்கு மட்டும் நீங்களாக ஆண்டுவாரியாகவோ இலக்கவாரியாகவோ ஓர் ஒழுங்கு போடலாம். போட்டால், போட்டது நீங்கள் என்று பட்டியலில் எழுதுங்கள்.

அமிலமற்ற பெட்டி விலை கூடியது. எல்லாவற்றுக்கும் கட்டாது என்றால் கோப்பைத் தொடும் உறையை அமிலமற்ற தாளில் செய்து, வெளிப்பெட்டியைச் சாதாரணப் புதிய அட்டையில் வாங்குங்கள். பிஸ்கட், சவர்க்காரப் பெட்டிகளைத் திரும்பப் பயன்படுத்தினால் கரப்பானுக்குச் சாப்பாட்டு மணம் அழைப்பு. பெட்டியை நெருக்கி நிரப்பாதீர்கள், பாதி காலியாகவும் விடாதீர்கள். நெருக்கினால் எடுக்கும்போது கிழியும், காலியானால் கோப்பு வளையும்.

இலக்கம் எளிமையாக இருக்கட்டும்: மூதவைக்கு 'மூ', அதன் கூட்டறிக்கைத் தொடருக்கு (ஒரே வகைக் கோப்புகளின் வரிசைக்கு) 1, அதில் பன்னிரண்டாவது கோப்பு என்றால் மூ/1/12. ராக்கையின் இலக்கத்தை இதற்குள் நுழைக்காதீர்கள். ராக்கை நாளை மாறும், கோப்பின் இலக்கம் மாறக்கூடாது. இருக்கும் இடத்துக்கு வேறொரு பட்டியல் வையுங்கள்.

9. விவரணப் பட்டியல், அதன் பிறகு ஸ்கேனர்

சர்வதேச சுவடிகள் பேரவையின் விவரண நியமமான இசாட் (ஜி) 26 அம்சங்களைத் தருகிறது. அவற்றில் ஆறு கட்டாயம்: இலக்கக் குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், திகதி, அளவு, விவரணத்தின் படிநிலை (எழுதுவது கிளையையா, தொடரையா, கோப்பையா என்பது). தொடங்குபவர் இந்த ஆறோடு நிற்கட்டும். ஒரு பெட்டிக்கு 26 அம்சத்தையும் நிரப்பிவிட்டு மீதி நானூறு பெட்டியை இருட்டில் விடுவதைவிட, எல்லாவற்றுக்கும் ஆறு இருப்பது மேல். எக்செலில் தொடங்கலாம். பிறகு ஏட்டம் என்ற இலவச மென்பொருளுக்கு மாற்றலாம்.

மேலிருந்து கீழே எழுதுங்கள். முதலில் கிளை, பிறகு தொடர், பிறகு கோப்பு. தலைப்பை 'பலவகைக் கடிதங்கள்' என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். 'விடுதிகளுக்கு மரக்கறி வழங்கும் ஒப்பந்தம் பற்றிய கடிதங்கள்' என்று எழுதினால் தேடுபவர் கண்டுபிடிப்பார்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல், பெயர்கள். ஒரே மாணவரின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக, சிங்களத்தில் ஒரு விதமாக, தமிழில் இன்னொரு விதமாக இருக்கும். தந்தையின் பெயர் ஒரு கோப்பில் முதலெழுத்து, இன்னொன்றில் கடைசிப் பெயர். தோட்டங்களுக்கும் அதே கதை. பதிவில் ஆங்கிலப் பெயர், மக்கள் வாயில் தமிழ்ப் பெயர், தபால் முகவரியில் பக்கத்து நகரத்தின் பெயர். அதற்குமேல் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. கோப்பில் உள்ளதை உள்ளபடியே தலைப்பில் எழுதி, எல்லா வடிவங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் தனிப் பெயர்ப்பட்டியல் ஒன்றை வளர்த்துக்கொண்டே போங்கள். 'சரியான' எழுத்துக்கு நீங்களாக மாற்றினால், சான்றிதழில் உள்ளபடி தேடி வருபவர் வெறுங்கையோடு போவார்.

பட்டியல் முடிந்த தொடர்களை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். பட்டியல் இல்லாமல் எடுத்த பத்தாயிரம் படங்கள் இன்னொரு குவியல்தான், இந்த முறை கணினிக்குள். அடிக்கடி கேட்கப்படுவதும் மங்கிவருவதும் முதலில். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ, சிறிய எழுத்துக்கு 400. காக்கும் பிரதி டிஃப் வடிவில், பார்க்கும் பிரதி பிடிஎஃப்/ஏ வடிவில். கோப்பின் பெயராக மூ/1/12 போன்ற இலக்கத்தையே தாருங்கள், சாய்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். அந்த வேறு ஊர் அதே மலையின் மறுபக்கமாக இருக்கக்கூடாது. ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தை எறிய யாராவது சொன்னால் படி 5 ஐக் காட்டுங்கள்.

கணினியிலேயே பிறந்த ஆவணங்களுக்கு ஓர் எச்சரிக்கை. யுனிகோட் பரவுமுன் தமிழ்க் கடிதங்கள் பாமினி எழுத்துருவிலும், சிங்களக் கடிதங்கள் எஃப்.எம். எழுத்துருக்களிலும் தட்டச்சாயின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், 'பழுதான பைல்' என்று அழித்துவிடுவார்கள். எழுத்துருவை நிறுவித் திறந்து, அதை உள்ளடக்கிய பிடிஎஃப்/ஏ ஆகச் சேமியுங்கள், யுனிகோட்டுக்கு மாற்றிய ஒரு பிரதியும் கூடவே. சீடியையும் பிளொப்பியையும் கண்ட வாரத்திலேயே நகலெடுங்கள்.

10. பார்க்க வருபவர்கள்

யார் எதைப் பார்க்கலாம் என்பதை நீங்கள் கவுண்டரில் நின்று தீர்மானிக்கக்கூடாது. பேரவையின் அங்கீகாரத்தோடு ஒரு பக்க விதி இருக்கவேண்டும். தகவல் அறியும் உரிமைக் கோரிக்கை வந்தால் அது தகவல் அலுவலர் வழியாகத்தான். இரகசியமாக வைக்கவேண்டிய பரீட்சைத் தகவல்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. மாணவர், ஊழியர் தனிக்கோப்புகளுக்கு 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். உரியவரே தன் கோப்பைக் கேட்டு வந்தால் அடையாளம் பார்த்துக் காட்டுங்கள். பேரப்பிள்ளை வந்து தாத்தாவின் கோப்பைக் கேட்டால் என்ன செய்வது என்பதும் விதியில் இருக்கவேண்டும். நிச்சயம் கேட்பார்கள்.

வாசிப்பவர் மேசையில் பென்சில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும். திரும்ப வாங்கும்போது தாள்களைப் புரட்டிப் பாருங்கள், அவர் பேராசிரியராக இருந்தாலும்.

11. கோப்பு நனைந்தால்

உங்களுக்கு ஏறக்குறைய 48 மணித்தியாலம் இருக்கிறது. அதற்குப் பிறகு பூஞ்சணம் தொடங்கிவிடும். முதலில் ஆட்கள், மின்சாரம், கட்டடத்தின் நிலை. சரிவு நகர்ந்த சந்தேகம் இருந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

உள்ளே போகலாம் என்றானதும் நனையாததை முதலில் வெளியேற்றுங்கள். புதியவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள், நனைந்ததைக் கண்டு பதறி அதன்மேல் பாய்வார்கள், அதற்குள் மற்றதும் நனைந்துவிடும். நனைந்த கோப்பைத் திறக்காதீர்கள், தாளைப் பிரிக்காதீர்கள். தட்டில் ஏந்தித் தூக்குங்கள். நனைந்த தாள் தன் பாரத்திலேயே கிழியும். சேறு படிந்திருந்தால் மூடிய நிலையிலேயே சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசுங்கள், மை கரைகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு.

ஈரம் மட்டும் தட்டியவற்றை நிழலில் விரித்து, மின்விசிறியை நேராகத் தாளில் படாமல் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, இடையிடையே எழுத்தில்லாத வெள்ளைத் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். பத்திரிகைத் தாள் வைத்தால் அதன் மை ஒட்டும். காயவைக்க முடியாத அளவு இருந்தால் பையிலிட்டு உறையவையுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சணம் வளராது, ஆறுதலாகப் பிறகு பகுதி பகுதியாக எடுக்கலாம். அதற்கு வேண்டிய பெரிய உறைபெட்டி உங்கள் அறையில் இருக்காது. எந்த ஆய்வுகூடத்தில், எந்த விடுதிச் சமையலறையில் இருக்கிறது, சாவி யாரிடம், அவருடைய இரவு நேரத் தொலைபேசி எண் என்ன என்பதை இன்றே எழுதி, கதவின் உட்புறத்தில் ஒரு பிரதியும் காவலாளியிடம் ஒரு பிரதியும் கொடுத்து வையுங்கள். மழை தொடங்குமுன் ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்தும் பாருங்கள்.